கேட்க ஆள் இல்லாத நேரத்துக்கு எழுது

கண்ணு, சின்ன சாப்ட்வேர் கம்பெனி ஒன்றில் கையேடு எழுதும் வேலை உனக்குக் கிடைத்திருப்பதாக உன் அம்மா சொன்னாள். ‘இதெல்லாம் ஒரு வேலையா’ என்று யாராவது கேட்டால் காதில் போட்டுக்கொள்ளாதே. பில்லிங், கணக்கு சாப்ட்வேர்களுக்குக் கையேடு எழுதியே எனக்குத் தலை நரைத்தது. இவ்வளவு காலத்தில் தெரிந்துகொண்டதில் உனக்கு உதவுவதைச் சொல்கிறேன்.

1. ஒரு முகத்தை மனசில் வைத்துக்கொண்டு எழுது. எனக்கு அந்த முகம், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்த்த ஒரு அக்காவுடையது. மாதாமாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். 10-ஆம் தேதி ராத்திரி மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் அவர் உட்கார்ந்திருப்பார். அந்நேரத்துக்கு நம் ஆபீஸில் போனை எடுக்க ஆள் இருக்காது. அவருக்குத் துணை கையேடு மட்டும்தான். அவரை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதே. கணக்கில் அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட நமக்குத் தெரியாது.

2. பிழைச் செய்திகளின் விளக்கத்தை முதலில் எழுது. எல்லோரும் ‘வணக்கம், நிறுவுவது எப்படி’ என்று ஆரம்பிப்பார்கள். ஆனால் மனுஷன் கையேட்டைத் தேடுவது சிக்கிக்கொண்ட பிறகுதான். தெராக்-25 கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அது ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரம். 1985-க்கும் 1987-க்கும் இடையில் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சைப் பாய்ச்சியது, சிலர் இறந்துபோனார்கள். 1986-இல் டெக்சாஸ் மாநிலத்து டைலர் நகரில், திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது. இயக்கியவரின் கையேட்டில் அந்த எண்ணுக்கு விளக்கமே கிடையாது. இதுபோன்ற செய்திகள் அடிக்கடி வந்து பழகியிருந்ததால் அவர் தொடரும் விசையை அழுத்தினார். நோயாளி மேல் மறுபடியும் கதிர் பாய்ந்தது. மூல காரணம் மென்பொருளிலும் இயந்திர அமைப்பிலும் இருந்த கோளாறுதான். ஆனாலும் அந்த எண்ணுக்கு அர்த்தம் எழுதியிருந்தால் அவர் கை ஒரு நொடி தயங்கியிருக்கும் என்றே நான் நம்புகிறேன். நாம் செய்வது பில் போடும் சாப்ட்வேர், உயிர் போகாது. அதற்காக ஒரு பிழை எண்ணையும் விளக்காமல் விடாதே.

3. எச்சரிக்கையைச் செயலுக்கு முன்னால் வை. ஜிஎஸ்டிக்காக அரசுத் தளத்தில் பதியும் இ-இன்வாய்ஸை 24 மணி நேரத்துக்குள்தான் அங்கே ரத்து செய்ய முடியும். நான் பார்த்த ஒரு கையேட்டில் இந்த விஷயம் எல்லாப் படிகளும் முடிந்து, அடுத்த பக்கத்தில் இருந்தது. ஒரு நூல் வியாபாரி தப்பான பில்லை அனுப்பி, மூன்றாம் நாள்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பினார்.

4. நம் சாப்ட்வேரால் முடியாததையும் எழுது. விற்பனைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நீ உறுதியாக நில். எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம் இன்று ஏறக்குறைய எல்லாச் செல்போனிலும் இருக்கிறது. 2000-இல் ரிச்சர்ட் ஹிப் தொடங்கியது. அதன் குழு இன்றும் சின்னதுதான். தங்கள் மென்பொருளில் பயனர் ஏமாறக்கூடிய இடங்களைப் பட்டியலிட அவர்கள் தனிப் பக்கமே வைத்திருக்கிறார்கள். எந்த வேலைக்கு அது ஒத்துவராது என்பதையும் எழுதியிருக்கிறார்கள். குறையை மறைக்காதவன் சொல்லும் நிறையை ஊர் நம்பும்.

5. மனசில் இருப்பது மனுஷனோடு போய்விடும். தாளில் இருப்பது தங்கும். சின்னக் கம்பெனியில் பாதி விவரம் ஒரே ஒருவர் தலைக்குள் இருக்கும். பேக்கப்பை எப்படி மீட்பது, பில் தொகையை ஏன் இந்த இடத்தில் முழு ரூபாயாக்குகிறோம், ஒரு பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் தனி ஏற்பாடு என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் வேலை மாறிப் போன பிறகு, ஒரே ஒரு வரிக்கு அர்த்தம் தேடி ஆபீஸே வாரக்கணக்கில் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அவர்மேல் தப்பில்லை, எழுத அவருக்கு யாரும் நேரம் தரவில்லை. நீ போய்ப் பக்கத்தில் உட்கார். ‘எப்படி’ என்று கேட்பதோடு நிறுத்தாமல் ‘ஏன்’ என்றும் கேள். சொன்னதைத் தேதி போட்டு எழுதி வை.

6. பழசாகிப்போன பக்கம், இல்லாத பக்கத்தைவிடக் கெடுதல். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியில் பெரும்பாலான பொருள்களுக்கு 12, 28 சதவீத அடுக்குகள் எடுக்கப்பட்டன. மாதிரி பில்லில் 12 சதவீதத்தைப் பார்க்கும் அக்கா, கையேட்டில் சரியாக இருக்கும் மற்றப் பக்கங்களையும் சந்தேகப்படுவார். சாப்ட்வேரில் மாற்றம் வந்த அன்றே கையேட்டையும் மாற்று.

7. எழுதியதைப் புதிதாகச் சேர்ந்த ஒருவரிடம் கொடுத்து, அதைப் பார்த்து வேலை செய்யச் சொல். நீ வாயைத் திறக்காதே. இதுதான் இருப்பதிலேயே கஷ்டம். அவர் விரல் எங்கே நிற்கிறதோ, அங்கே திருத்த வேண்டியது உன் வாக்கியத்தை.

8. பாராட்டை எதிர்பார்க்காதே, நேரத்தைக் கூச்சப்படாமல் கேள். நல்ல கையேடு இருக்கும் கம்பெனியில் போன் குறைவாக அடிக்கும். அடிக்காத போனை யாரும் கவனிக்க மாட்டார்கள். ‘பெரிய கம்பெனி ஆனதும் பார்க்கலாம்’ என்று உன் முதலாளி சொன்னால், ஆப்பிள் கம்பெனியைப் பற்றிச் சொல். 1978 ஜனவரியில் அங்கே முப்பது பேர் அளவில்தான் இருந்தார்கள். கையேடுகளைப் பார்த்துக்கொள்ளவென்றே ஜெஃப் ரஸ்கினை அப்போதே வேலைக்குச் சேர்த்தார்கள். உனக்கு வாரத்தில் ஒரு மத்தியானம் போதும். அந்த நேரத்தில் வேறு வேலை தர வேண்டாம் என்று கேட்டு வாங்கிக்கொள். இந்த வாரமே கேள், கண்ணு.