கார் டிக்கி திறக்கவில்லையா? வரிசையாகப் பார்ப்போம்

டிக்கி திறக்காமல் போவது சின்னக் கோளாறுதான். ஆனால் உள்ளே வீட்டுப் பெரியவரின் சக்கர நாற்காலியோ மருந்துப் பையோ மாட்டிக்கொண்டால் பெரும் சங்கடம். அவசரத்தில் கம்பியை விட்டு நெம்பினால் பெயிண்ட் போகும், ரப்பர் கிழியும், மழைநீர் உள்ளே இறங்கும். எனவே முதலில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்போம்.

முதல் சோதனை: காதால் கேட்பது

ஒருவர் ரிமோட்டையோ பட்டனையோ அழுத்தட்டும். இன்னொருவர் டிக்கி அருகே நின்று கேட்கட்டும். 'டக்' என்று சத்தம் வந்தால் மின்சாரம் பூட்டு வரை வந்துவிட்டது. பெரும்பாலும் பூட்டுதான் இறுகியிருக்கும். சத்தமே இல்லையென்றால் மின்சாரம் வழியில் எங்கோ நின்றுவிட்டது.

சத்தம் வந்தும் திறக்காவிட்டால்

உள்ளிருக்கும் சாமான் மூடியை முட்டிக்கொண்டிருக்கலாம். பூட்டில் தூசியும் துருவும் சேர்ந்திருக்கலாம். ஒருவர் மூடியைக் கையால் கீழே அழுத்திப் பிடிக்க, மற்றவர் பட்டனை அழுத்தட்டும். கொக்கியின் இறுக்கம் தளர்ந்து பல நேரம் திறந்துவிடும். டிரைவர் சீட் பக்கத்தில் இழுக்கும் லீவர் உள்ள வண்டிகளில் கேபிள் தளர்ந்திருந்தாலும் இதே முறை உதவும். திறந்தபின் பூட்டைத் துடைத்து எண்ணெய் ஸ்பிரே அடியுங்கள்.

சத்தம் வராவிட்டால்

1. ரிமோட்டில் மற்ற கதவுகள் திறக்கின்றனவா? அவையும் திறக்கவில்லையென்றால் ரிமோட் பேட்டரியை மாற்றுங்கள். பல ரிமோட்டுகளில் இருப்பது சிஆர் 2032 என்ற 3 வோல்ட் வட்ட பேட்டரி. பழையதைக் குழந்தை கையில் எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் 2 மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

2. டிக்கியில் சாவித் துவாரம் இருந்தால் சாவியைப் போட்டுத் திறந்து பாருங்கள். ஸ்மார்ட் சாவி என்றால் அதற்குள்ளேயே ஒரு சிறு உலோகச் சாவி செருகியிருக்கும்.

3. ஹாரனும் விளக்கும் மந்தமாக இருந்தால் கார் பேட்டரி இறங்கியிருக்கிறது.

4. வண்டியோடு வந்த புத்தகத்தில் ஃபியூஸ் படம் இருக்கும். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள். கூடுதல் ஆம்பியர் போட்டால் வயர் எரியும்.

5. மூடியும் உடலும் சேரும் இடத்தில் ரப்பர் உறைக்குள் வயர்கள் போகும். திறந்து மூடித் திறந்து மூடி அவை அறுந்துபோவதுண்டு. நம்பர் பிளேட் விளக்கோ பின் வைப்பரோ கூடவே நின்றிருந்தால் இங்கேதான் சந்தேகம். இதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

உள்வழி

பின்சீட் மடங்குமானால் அதை மடக்கி உள்ளே கை நீட்டலாம். பல ஹேட்ச்பேக் வண்டிகளில் கதவின் உட்பக்கம் ஒரு சிறு மூடி இருக்கும். அதைக் கழற்றி, ஸ்க்ரூ டிரைவரால் பூட்டின் நாக்கைத் தள்ளினால் கதவு திறக்கும். டிக்கியில் சிஎன்ஜி சிலிண்டர் இருந்து, கேஸ் வாடை வந்தால் எந்த பட்டனையும் தொடாமல் எல்லோரும் தள்ளி நின்று உதவிக்கு அழையுங்கள்.

உள்ளே குழந்தை இருந்தால்

மேலே சொன்ன வரிசையெல்லாம் சாமானுக்குத்தான். குழந்தை உள்ளே இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. ஒருவர் 112-ஐ அழைக்கட்டும். அதே நேரத்தில் மற்றவர் பின்சீட்டை மடக்கட்டும். கதவும் பூட்டியிருந்தால் பின்பக்கக் கண்ணாடியை உடையுங்கள். கண்ணாடி போனால் வாங்கிக்கொள்ளலாம்.

அமெரிக்காவில் 1998 கோடையில், மூன்றே வாரத்துக்குள், விளையாட்டாக டிக்கிக்குள் ஏறி மாட்டிக்கொண்டு 11 குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகே, 2001 செப்டம்பர் முதல், உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி அங்கே டிக்கியுள்ள புதிய கார்களில் கட்டாயமானது. உங்கள் வண்டியில் அது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தால் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொடுங்கள். இல்லாவிட்டால் நிறுத்திய வண்டியை எப்போதும் பூட்டி, சாவியை உயரத்தில் மாட்டுங்கள். பிள்ளையைக் காணோம் என்றால் கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் தேடுவதுபோல், கார் டிக்கியையும் உடனே திறந்து பாருங்கள்.