சுவரில் இருக்கும் ஏ.இ.டி.க்கு யார் பொறுப்பு?

அலுவலகத்தில் ஏ.இ.டி. என்ற தானியங்கி இதய ஷாக் கருவி வாங்கி மாட்டியாகிவிட்டது. படமும் எடுத்தாகிவிட்டது. இனி அந்தப் பெட்டி யார் பொறுப்பு? மயிலாப்பூர் சபாவாக இருக்கட்டும், தி.நகர் ஜவுளிக்கடையாக இருக்கட்டும், அடையாறு அடுக்குமாடிக் குடியிருப்பாக இருக்கட்டும், இந்தக் கேள்விக்கு உடனே ஒருவரின் பெயரைச் சொல்ல முடியவில்லை என்றால் அந்தக் கருவியை நம்பி இருக்காதீர்கள். அட்மின் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர், கட்டட மேலாளர், குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்று யார் தலையில் இந்த வேலை விழுந்தாலும், அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கருவியின் வேலை எளிது. இதயத் துடிப்பு தாறுமாறாகி ஒருவர் சரிந்து விழும்போது, நெஞ்சில் ஒட்டும் இரண்டு பேடுகள் வழியாகத் துடிப்பைப் படிக்கும். தேவைப்பட்டால் மட்டும் ஷாக் கொடுக்கும். நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் இல்லாமல் ஷாக்கும் தாமதமானால், நிமிடத்துக்கு 7 முதல் 10 சதவீதம் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். மாலை ஏழு மணிக்கு உஸ்மான் சாலை நெரிசலில் 108 வண்டி என்ன பாடுபடும் என்பது தி.நகரில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியைக் கடக்க உதவும் கருவி, எடுத்த நேரத்தில் வேலை செய்தாக வேண்டும்.

எல்லா நேரமும் அது வேலை செய்துவிடுவதில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2005 ஜனவரி முதல் 2014 செப்டம்பர் வரை, ஏ.இ.டி. கோளாறுகள் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்கு வந்த அறிக்கைகள் சுமார் 72,000. 2005-க்குப் பிறகான அந்தப் பத்தாண்டில் தயாரிப்பாளர்கள் 111 முறை ரீகால் (குறையுள்ள கருவியைச் சரிசெய்யவோ திரும்பப் பெறவோ விடும் எச்சரிக்கை) அறிவித்தார்கள். அவற்றில் சிக்கிய கருவிகள் 20 லட்சத்துக்கும் மேல். 2015-ல் அந்த நிர்வாகம் ஏ.இ.டி.க்கான அனுமதி விதிகளை இறுக்கியது இதனால்தான். 1993 முதல் 2008 வரை அங்கே ஷாக் கொடுக்க முடியாமல் நோயாளி இறந்துபோன ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய கால் பங்கில் பேடும் அதன் இணைப்பும், இன்னொரு கால் பங்கில் பேட்டரியும் மின்சாரமும் காரணம் என்று கண்டார்கள். பேடையும் பேட்டரியையும் பார்த்துக்கொள்ள எஞ்சினியர் தேவையில்லை. அட்மின் ஊழியரின் கைக்கு எட்டும் பொருள்கள் அவை.

ரீகால் கடிதம் யார் கைக்குப் போகிறது?

ரீகால் என்றதும் வண்டி வந்து கருவியை அள்ளிக்கொண்டு போகும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். 2012-ல் பிலிப்ஸ் நிறுவனம் ஹார்ட்ஸ்டார்ட் வரிசையில் 2005 முதல் தயாரித்த சுமார் 7 லட்சம் கருவிகளுக்கு ரீகால் அறிவித்தது. உள்ளே இருக்கும் சின்ன ரெசிஸ்டர் ஒன்று பழுதாகி, ஷாக் கொடுக்க முடியாமல் போகலாம் என்பது சிக்கல். கருவி மும்மூன்றாகக் கீச்சென்று ஒலி எழுப்பினால் உடனே தொடர்புகொள்ளச் சொன்னார்கள். 2017-ல் லைஃப்பேக் 1000 என்ற மாடலில் வேறு சிக்கல்: பேட்டரி உட்காரும் முனைகள் தேய்ந்து, ஆக்சைடு படிந்து, பயன்படுத்தும்போதே கருவி அணைந்துவிடலாம். உலகம் முழுவதும் 1,33,330 கருவிகள் அந்த ரீகாலில் இருந்தன. சரிசெய்யும் வரை, வாரம் ஒரு முறை பேட்டரியைக் கழற்றி மாட்டுங்கள் என்பதுதான் வாடிக்கையாளருக்குத் தரப்பட்ட வேலை. 2022-ல் மறுபடி பிலிப்ஸ். இந்த முறை பேட். உரிக்கும்போது ஜெல் தகட்டை விட்டுப் பிரிந்து வரலாம் என்றார்கள்.

மூன்றிலும் ஒரே நிபந்தனை. தயாரிப்பாளர் அனுப்பும் எச்சரிக்கை உங்கள் கைக்கு வர வேண்டும். அது கருவி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்குத்தான் போகும். நம் ஊரில் பாதிச் சிக்கல் இங்கேதான். சபாவுக்குக் கருவியை வாங்கிக் கொடுத்தவர் ஒரு நன்கொடையாளர். பில் அவர் முகவரியில். அலுவலகத்தில் வாங்கியவர் வேலை மாறிப் போய்விட்டார், மின்னஞ்சல் முடங்கிவிட்டது. குடியிருப்பில் சங்க நிர்வாகிகள் மாறிவிட்டார்கள். பழைய கோப்பு யார் வீட்டுப் பரணிலோ. இத்தனைக்கும் கருவிக்கு அடியில் சீரியல் எண் தெளிவாக அச்சாகித்தான் இருக்கிறது.

ஆகவே பொறுப்பேற்றதும் முதல் வேலை: மாடல், சீரியல் எண், தயாரித்த ஆண்டு, பேடின் லாட் எண், பேடும் பேட்டரியும் காலாவதியாகும் தேதி எல்லாவற்றையும் படம் எடுத்து, ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அடுத்து, தயாரிப்பாளரின் இணையதளத்திலும் விற்றவரிடமும் இப்போதைய நிறுவனத்தின் பெயரில் பதிவு செய்யுங்கள். தனிநபர் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். ஆள் மாறினாலும் செத்துப்போகாத பொது முகவரி ஒன்றைக் கொடுங்கள். அந்த மாடலுக்கு ஏற்கெனவே ரீகால் உண்டா என்று சீரியல் எண்ணைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் ‘ஒன்றும் இல்லை சார்’ போதாது.

இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் உங்கள் பிடி இன்னும் வலுவானது. 2017-ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளில் ரீகால் கடமை எழுதப்பட்டிருக்கிறது. 2022-ல் வந்த திருத்தத்தின்படி மருத்துவக் கருவி விற்பவர் எம்.டி-42 என்ற பதிவுச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். கொட்டேஷனுடன் அதன் நகலைக் கேளுங்கள். இறக்குமதிக் கருவி என்றால் உரிம எண் லேபிளில் இருக்கிறதா பாருங்கள். சந்தேகம் வந்தால் தூரம் போக வேண்டாம்: மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் தென்மண்டல அலுவலகம் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில். விலை குறைவு என்று வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய கருவியை மட்டும் வாங்காதீர்கள். அதற்கு ரீகால் கடிதம் வர வழியே இல்லை.

ரீகால் கடிதம் வந்தால் பலர் செய்வது, கருவியைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போடுவது. அது தவறு. 2013-ல் பிலிப்ஸ் கருவிகள் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொன்னது, மாற்றுக் கருவி கைக்கு வரும் வரை பழையதைச் சுவரிலேயே வைத்திருங்கள் என்பதே. வேலை செய்யாமல் போகலாம் என்ற ஆபத்தைவிட, வேலை செய்தால் கிடைக்கும் பயன் பெரிது. கடிதத்தை முழுவதும் படியுங்கள். அதில் என்ன செய்யச் சொல்கிறார்களோ அதை மட்டும், சொன்ன தேதிக்குள் செய்து, செய்ததற்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்.

கருவி உங்கள் இடத்திலேயே சரியாக இயங்கவில்லை என்றால், விற்றவரிடம் சண்டை போடுவதோடு விடாதீர்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையம், மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்கும் தேசியத் திட்டத்தை 2015 ஜூலை முதல் நடத்துகிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் யாரும் புகார் சொல்லலாம். ஒரு இடத்தில் கண்ட கோளாறு பதிவானால்தான் இன்னொரு இடத்துக்கு எச்சரிக்கை போகும்.

மாதாந்திர வேலை

பச்சை விளக்கு எரிகிறதா என்பதைத் தினமும் செக்யூரிட்டி பார்க்கட்டும். நோட்டில் கையெழுத்துப் போடட்டும். கருவி தன்னைத்தானே சோதித்துக்கொண்டு, குறை இருந்தால் ஒலி எழுப்பும். இரவுப் பணியில் இருப்பவருக்கு அந்த ஒலி என்னவென்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். இல்லாவிட்டால் தொல்லை என்று பேட்டரியைக் கழற்றி வைத்துவிட வாய்ப்பு உண்டு. அவர் மேல் குற்றமில்லை.

மாதம் ஒரு முறை நீங்களே பெட்டியைத் திறந்து தேதிகளைப் பாருங்கள். பேடின் ஆயுள் பொதுவாக இரண்டு முதல் ஐந்து ஆண்டு. ஜெல் உலர்ந்தால் நெஞ்சில் ஒட்டாது. உறையைக் கிழித்துப் பார்க்காதீர்கள். கத்தரிக்கோல், ஷேவிங் ரேசர், கையுறை, துண்டு உடன் இருக்கட்டும். வியர்த்து வழியும் நம் ஊரில் துண்டு கட்டாயம். ஈர நெஞ்சில் பேட் நிற்காது. கருவியின் உடலைத் திறக்க யாரையும் அனுமதிக்காதீர்கள், உங்கள் எலக்ட்ரீஷியன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும். 150 முதல் 360 ஜூல் வரை ஷாக் கொடுக்கும் கருவி அது. உள்ளே ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் சேரும்.

வெயிலையும் மழையையும் தனியாகச் சொல்ல வேண்டும். பல மாடல்களுக்கு 50 டிகிரிதான் உச்ச வரம்பு, சிலவற்றுக்கு 43. 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அது நிழலில் எடுத்த அளவு. மேற்கு வெயில் விழும் கண்ணாடிச் சுவர், வாட்ச்மேன் தகரக் கூண்டு, மூடிய காரின் டிக்கி எதுவும் ஏ.இ.டி.க்கு இடமில்லை. தரைத்தளத்துக்குக் கீழேயும் வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்த அடையாறுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருட்டுப் பயத்தில் பூட்டுப் போட்டு, சாவியை மேலாளர் எடுத்துப் போகும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். கதவைத் திறந்தால் அலாரம் அடிக்கும் பெட்டி போதும்.

இதை வேலையாக எழுதிக் கொடுங்கள்

மனிதவள மேலாளருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பொறுப்பை வாய்மொழியாகத் தலையில் கட்டாதீர்கள். பணி விவரத்தில் ஒரு வரியாகச் சேருங்கள், மாற்று ஆள் ஒருவரையும் குறியுங்கள், வேலையை விட்டுப் போகிறவர் ஒப்படைக்க வேண்டியவற்றில் லேப்டாப்புக்கு அடுத்து ஏ.இ.டி. கோப்பு இருக்கட்டும். ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது இரண்டு கேள்வி: பேட் விலை இதில் அடக்கமா? ரீகாலில் கருவி போனால் தற்காலிகக் கருவி தருவீர்களா?

பயோமெடிக்கல் படித்துவிட்டு வேலை தேடும் இளைஞர்கள் இந்தப் பக்கம் பார்க்கலாம். ஒரு குடியிருப்புக்கு இதற்கென்று முழுநேர ஆள் கட்டுப்படியாகாது. அக்கம்பக்கத்துக் கட்டடங்கள் பலவற்றுக்கு ஒருவரே மாதச் சோதனை, காலாவதி நினைவூட்டல், ரீகால் கண்காணிப்பு செய்து தந்தால் அது நேர்மையான தொழில். சிங்கப்பூரில் 2015-லிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் புளோக்குகளின் கீழ்த்தளத்தில் ஏ.இ.டி. வைத்துவருகிறார்கள், குடிமைத் தற்காப்புப் படையின் மைரெஸ்பாண்டர் செயலியில் அருகே கருவி எங்கே என்று தெரியும். அங்கே அரசு செய்வதை இங்கே ஒவ்வொரு கட்டடமும் தனக்குத்தானே செய்துகொள்ள வேண்டிய நிலை. பதிவேடு வைக்கத் தெரிந்தவருக்கு வேலை இருக்கிறது.

மார்கழிக் கச்சேரிகளுக்கு அரங்கம் நிறைய மூத்த ரசிகர்கள் வருவார்கள். தீபாவளிக்கு ரங்கநாதன் தெருவில் நிற்கவே இடம் இருக்காது. அதற்கு இரண்டு மாதம் முன்பே பேட் தேதியைப் பார்த்துவிடுங்கள். காலாவதி நெருங்கினால் அன்றே ஆர்டர் கொடுங்கள். பெரும்பாலும் இறக்குமதிப் பொருள், கேட்ட வாரமே கிடைக்காது.