கிணற்றடித் தூக்கணாங்குருவிகளும் ஓராண்டுப் பறவைக் கணக்கும்

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் நூல் விலை, உரக் கொள்முதல் முதலிய விஷயங்கள் முடிந்தபின், ஓர் அங்கத்தினர் எழுந்து ஒரு பிரேரணை கொண்டுவந்தார். அவருடைய கம்பங்கொல்லையை அடுத்துள்ள பொதுக் கிணற்றின்மேல் சாய்ந்து நிற்கும் ஈச்சமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருக்கின்றன. கதிர் பால் பிடிக்கும் தருணத்தில் அவை கூட்டமாக இறங்கித் தின்கின்றன. ஆதலின் கூடுகளை அறுத்தெறியச் சங்கம் ஆள் அமர்த்த வேண்டும் என்பது பிரேரணை. நெசவாளர் பக்கம் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "நெய்கிறவனை நெய்கிறவனே விரட்டுவதா?" என்று கேட்டார். சபையில் சிரிப்பு எழுந்தது. கம்பு போனவர் சிரிக்கவில்லை.

கூட்டை அழிப்பது 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்று செயலாளர் தெரிவித்தார். சட்டம் ஒருபுறம் இருக்க, அப்பறவைகள் தின்பது எவ்வளவு, செய்யும் உபகாரம் எவ்வளவு என்று நம்முள் ஒருவருக்கும் கணக்குத் தெரியவில்லை. ஆதலின் ஓராண்டு பறவைகளைக் கவனித்துக் குறிப்பெழுதிப் பின் பேசுவது என்று முடிவாயிற்று. அப்பணி நம்மிடம் வந்தது. அக்குறிப்பிலிருந்து எழுந்ததே இப்பாடம்.

பறவைகளைக் காண உகந்த நேரம் விடியற்காலை. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும் நெசவாளருக்கும், மடை திறக்கச் செல்லும் குடியானவருக்கும் இந்நேரம் புதிதன்று; வேலைக்கென்று எழுந்த கண்ணையே சற்று மேலே திருப்பினால் போதும். தூரதிருஷ்டிக் கண்ணாடி இருப்பின் நன்று, இல்லாவிடினும் குறையில்லை. பெயர் தெரியாத பறவையைக் கண்டால், அது சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காகத்தின் அளவா என்று முதலில் மதிப்பிட வேண்டும். அடுத்து அலகைப் பார்க்க வேண்டும். குட்டையாகத் தடித்த அலகு தானியம் உடைப்பதற்கு. மெலிந்து கூரிய அலகு பெரும்பாலும் பூச்சி பிடிப்பதற்கு. நிறத்தைக் கடைசியில் பார்த்தால் போதும். வெயில் படும் பக்கத்திற்கு ஏற்ப நிறம் மாறித் தோன்றிப் புதியவரை ஏமாற்றும். யாவற்றிலும் முக்கியம், அப்பறவை அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்பது. பெயரை மட்டும் எழுதி, செய்கையை எழுதாத குறிப்பு விவசாயிக்கு அரைக் குறிப்பேயாகும்.

தூக்கணாங்குருவியின் பருவம் மழையை ஒட்டியது. நம் பக்கத்தில் வைகாசி, ஆனியில் ஆண் குருவிக்குத் தலையும் மார்பும் மஞ்சள் ஏறும். உடனே நெசவு தொடங்கிவிடும். கரும்பு, பனை, தென்னை, நெல், உயர்ந்த புல் ஆகியவற்றின் இலையோரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, வெட்டிய நுனியைக் கவ்விக்கொண்டு பறக்கும். இலை நீளவாட்டில் நாராகக் கிழிந்து வந்துவிடும். ஒரு கூடு முடியச் சுமார் 500 தடவை இவ்வாறு நார் கொண்டுவர நேரும் என்று கணித்திருக்கிறார்கள். நம் தறியில் இருப்பது போலப் பாவு வேறு, ஊடை வேறு என்று இந்நெசவில் பிரித்தறிய இயலாது. முடிச்சும் வளையமும் நுழைத்து இழுப்பதுமே அதன் முறை. ஆயினும் இழையின் இறுக்கத்தைக் கண்ட நம் நெசவாளர்கள், உதிர்ந்து விழுந்த கூடு ஒன்றை வெகுநேரம் கையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூடு தலைகீழான தொப்பிபோல் பாதி முடிந்ததும் ஆண் குருவி வேலையை நிறுத்திவிடும். இந்த நிலைக்கு வரச் சுமார் எட்டு நாள் ஆகும். பிறகு அதில் தொங்கி, சிறகடித்துப் பெண் குருவிகளை அழைக்கும். பெண் குருவி உட்புகுந்து சோதித்து ஏற்றுக்கொண்டால்தான் மிச்ச நெசவு நடக்கும். முட்டை அறையும் நீண்ட வாயிற்குழாயும் அதன்பின் வருபவை. சரக்கைப் பார்த்து ஒப்புக்கொண்டபின் மீதியை நெய்யும் இவ்வழக்கம் நம் கொள்முதல் குழுவினருக்கு நன்கு விளங்கும். ஒரு பெண் குடியேறியதும் அதே ஆண் அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு பெண்ணை அழைக்கும் என்பதைப் பறவை ஆராய்ச்சியாளர் சாலிம் அலி 1930 ஆம் ஆண்டில் மராட்டியக் கடற்கரையில் உள்ள கீகிம் என்னும் ஊரில் நாள்தோறும் பார்த்துக் கண்டறிந்தார். ஒரு மரத்தடியில் பொறுமையாக அமர்ந்து பார்த்தே அவர் இதைத் தெரிந்துகொண்டார். அதற்குமுன் அம்மரங்களைக் கடந்து சென்றவர் எத்தனையோ பேர்.

கம்பங்கொல்லைக்காரரின் வழக்குக்கு வருவோம். குருவிகள் தானியம் தின்பது உண்மை, அதை மறைப்பதற்கில்லை. பால் பிடித்தது முதல் அறுவடை வரையுள்ள நாட்களில் ஓரத்து வரிசைகளே அதிகம் சேதமாயின. அதே குருவிகள் குஞ்சு பொரித்திருந்த நாட்களில் அலகில் கொண்டுவந்தவையோ புழுவும் வெட்டுக்கிளியும் சிலந்தியுமே. தானியம் தின்னும் குருவியும் குஞ்சுக்குப் பூச்சியே ஊட்டும். இன்னொரு விஷயமும் குறிப்பில் தெளிவாயிற்று. நம் அங்கத்தினர் பக்கத்துக் கொல்லைகளுக்கு முன்னதாகவே விதைத்திருந்தார். சுற்றிலும் பச்சையாக இருக்க அவர் கொல்லையில் மட்டும் கதிர் வந்ததால், கூட்டம் முழுதும் அங்கேயே இறங்கியது. எல்லாரும் ஒரே வாரத்தில் விதைப்பின் சேதம் பரவிக் குறையும். மின்னும் நாடா கட்டுதலும், பால் பிடிக்கும் நாட்களில் காலை மாலை காவலும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

புரட்டாசி, ஐப்பசியில் விருந்தினர் வருகின்றனர். வடக்கேயிருந்து தகைவிலான்கள் வந்து மின்கம்பிகளில் வரிசையாக அமரும். வாலாட்டிகள் வரப்பில் ஓடும். தோட்டத்து நிழலில் ஆறுமணிக்குருவி வந்து சேரும். விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுவதால் இப்பெயர். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்து, இரவில் பறந்து தெற்கே வருவது இது. களைப்பாலும் விளக்கொளியின் மயக்கத்தாலும் வீட்டினுள் புகுந்துவிடுவதுண்டு. சென்ற ஐப்பசியில் தறிக்கூடம் ஒன்றில் இவ்வாறு ஒரு குருவி விழுந்து கிடந்தது. பச்சை, நீலம், சிவப்பு முதலிய நிறங்களைக் கண்டு, யாரோ வளர்த்த கூண்டுப் பறவை என்று எண்ணிச் சிறுவர் அதைக் கூண்டிலிட முயன்றனர். அவ்வாறு செய்யலாகாது. காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில் இட்டு, இருளான அமைதியான இடத்தில் சில மணி நேரம் வைத்து, தெளிந்தபின் மரநிழலில் விட வேண்டும். காயம் இருப்பின் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும்.

சூறைக்குருவி என்னும் சோளப்பட்சியும் இப்பருவத்ததே. சோளக்கொல்லையில் இதைக் கண்டால் யாருக்கும் கோபம் வரும். மத்திய ஆசியாவில் குஞ்சு பொரிக்கும் காலத்தில் இதுவே வெட்டுக்கிளிக் கூட்டங்களைத் தின்று அந்நாட்டு உழவரைக் காக்கிறது. நம்மிடம் கடன் வாங்கி அங்கே வட்டி கட்டுகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நம் சோளம் திரும்பி வருவதற்கில்லை.

மார்கழி, தை மாதங்களில் வேடந்தாங்கலுக்கு ஒரு நாள் சென்று வருவது நன்று. செங்கற்பட்டு மாவட்டத்து மதுராந்தகம் வட்டத்தில் உள்ள இவ்வேரி, சரணாலயம் என்று பெயர் பெறுவதற்கு வெகுகாலம் முன்பே ஊராரால் காக்கப்பட்டது. 18 ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டுக் காப்புரிமைக் கவுல் பெற்றனர். 1858 இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. அவர்கள் முறையீட்டுக்குக் காரணம் இரக்கம் மட்டுமன்று. ஏரியில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நாரைகளும் நீர்க்காகங்களும் கரண்டிவாயன்களும் இடும் எச்சம் நீரில் கலக்கிறது. அந்நீர் பாய்ந்த கழனி செழிக்கிறது. இதைக் கண்ணால் கண்டு, பல தலைமுறையாகக் கணக்குப் பார்த்தவர்கள் அவர்கள். நத்தைகுத்தி நாரையின் அலகு நடுவில் இடைவெளி விட்டிருப்பதை அங்கே அருகில் காணலாம். கழனி நத்தைகளை எடுத்துத் தின்பதற்கேற்ற அலகு அது. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அவ்வூரார் எச்சம் படிந்த குளத்து வண்டலை எடுத்து வயலுக்கு இடுகின்றனர். இவ்விரண்டு இடங்களும் 2022 ஆம் ஆண்டில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றன. மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவை குறைவு. புறப்படுமுன் நீர் நிலவரம் விசாரித்துச் செல்க.

வயலுக்குள் பறவையை அழைக்கும் முறை ஒன்று உண்டு. ஆளுயரக் கழிகளின் மேல் குறுக்குச் சட்டம் அடித்துப் பறவைத் தாங்கிகளாக நட்டால், பகலில் கரிச்சான் அமர்ந்து பூச்சிகளைப் பிடிக்கும். இரவில் ஆந்தையும் கூகையும் அமர்ந்து எலிகளைப் பார்த்துக்கொள்ளும். கதிர் முற்றத் தொடங்குமுன் இவற்றைப் பிடுங்கிவிட வேண்டும். நாம் ஒருமுறை சோம்பலால் விட்டுவைத்தோம். பூச்சிக்கென்று நட்ட கழியில் தானியம் தின்னிகள் வந்து சௌகரியமாக அமர்ந்துவிட்டன. அவ்வாண்டு அந்தப் பாத்தியில் பதரே மிஞ்சியது. கூகையை அபசகுனம் என்று விரட்டும் அங்கத்தினர்கள், அது அமரும் இடத்தின் கீழே கிடக்கும் உருண்டைகளை உடைத்துப் பார்க்கட்டும். உள்ளே இருப்பவை எலியின் எலும்பும் மயிருமே.

மாசி, பங்குனியில் வடக்கத்தியர் திரும்புவர். குயில் கூவத் தொடங்கும். அது காகத்தின் கூட்டில் முட்டையிடுவதை யாவரும் அறிவர். சித்திரையில் கிணற்றடித் தொட்டியில் நீர் வைத்தால் ஒரு காலைப்பொழுதில் ஊர்ப் பறவைகளில் பாதியை அங்கேயே எண்ணிவிடலாம்.

எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்ட அங்கத்தினர்களுக்குப் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகின் செய்தியைச் சொல்ல வேண்டும். 1980களில் பரத்பூர் சரணாலயத்தில் பாறுகளை எண்ணி எழுதி வைத்த விபு பிரகாஷ் என்னும் ஆராய்ச்சியாளர், 1990களில் மீண்டும் அங்கே எண்ணியபோது அவை பெரிதும் குறைந்திருக்கக் கண்டார். பழைய கணக்கு கையில் இருந்ததால்தான் குறைவு தெரிந்தது. மாடுகளுக்கு வலிக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்தே காரணம் என்பது பின்னர் வெளிப்பட்டது. அம்மருந்து போட்ட மாடு இறக்க, அதன் இறைச்சியைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டு மடிகிறது. 2006 இல் மாட்டு வைத்தியத்தில் அது தடை செய்யப்பட்டது. அதற்குள் இந்நாட்டின் முக்கிய இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டன. தமிழகத்தில் இன்று மோயாற்றுப் பள்ளத்தாக்கில் சில எஞ்சியுள்ளன. மாடு வைத்திருக்கும் அங்கத்தினர்கள் வைத்தியரிடம் மெலோக்சிகாம் என்னும் மருந்தைக் கேட்டு வாங்குக. அது பாறுகளுக்குத் தீங்கற்றது.

கம்பங்கொல்லைக்காரர் தம் பிரேரணையை இன்னும் திரும்பப் பெறவில்லை. பக்கத்துக் கொல்லைகளோடு ஒரே வாரத்தில் விதைக்கவும், காவல் கூலியில் சங்கம் பங்கேற்றால் ஓராண்டு பொறுத்துப் பார்க்கவும் இசைந்திருக்கிறார். அக்கூலி பற்றிய தீர்மானம் வரும் கூட்டத்தில் எடுத்துக்கொள்ளப்படும். தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, செய்கை என்று ஆறு பத்திகள் வரைந்த நோட்டுப் புத்தகம் சங்க அலுவலகத்தில் நூல் பதிவேட்டின் அருகே இருக்கிறது. தமிழகமெங்கும் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. அதற்குக் கால் மணி நேரம் ஒதுக்க இசையும் அங்கத்தினர்கள் மார்கழி முடியுமுன் அந்நோட்டில் பெயர் பதிவு செய்க.