'ஹார்ட்லி' தந்த பாடம்

ஆங்கில இலக்கணத் தேர்வில் நம்மில் பலர் மதிப்பெண்களை இழப்பது 'அட்ஜெக்டிவ்', 'அட்வெர்ப்' என்னும் இரண்டினாலேயே. பெயர்ச்சொல்லைச் சிறப்பிப்பது அட்ஜெக்டிவ். வினையைச் சிறப்பிப்பது அட்வெர்ப். 'அழகான பாட்டு', 'அழகாகப் பாடினாள்' என்று நம் தமிழில் சொல்வது போலத்தான்.

'ஸ்லோ'வுடன் 'லி' சேர்த்தால் 'ஸ்லோலி'. ஆகவே எதனுடனும் 'லி' சேர்த்தால் போதும் என்று நாங்கள் நினைத்தோம். தேர்வில், "மை மதர் வொர்க்ஸ் ஹார்ட்லி" என்று எழுதினோம். "உங்கள் அம்மா வேலையே செய்வதில்லையா?" என்று ஆசிரியை கேட்டார். 'ஹார்ட்லி' என்றால் 'இல்லை என்னும் அளவுக்குக் குறைவாக' என்று பொருளாம்! விடியுமுன் எழுந்து உழைக்கும் அன்னையரை நினைத்துத் தலைகுனிந்தோம்.

'ஹார்ட்', 'ஃபாஸ்ட்' ஆகியவை மாறாமலே அட்வெர்பாகவும் வரும். 'ஃப்ரெண்ட்லி' என்பதோ 'லி'யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவே.

இன்னொன்று: "ரோஜா இனிமையாக மணக்கிறது" என்கிறோம். ஆங்கிலத்திலோ "தி ரோஸ் ஸ்மெல்ஸ் ஸ்வீட்" என்பதே சரி. இனிமை ரோஜாவின் பண்பு அல்லவா?

எனவே, சொல்லின் கடைசி எழுத்தைப் பாராமல், அது எதைச் சிறப்பிக்கிறது என்று பார்ப்போம். இனி நாங்கள் மறவாமல் எழுதுவோம்: "மை மதர் வொர்க்ஸ் ஹார்ட்."