கூடவே வரும் பூச்சிகள்: பட்டு விவசாயிகள் கவனத்திற்கு

ஆரணிப் பட்டு என்றால் அறியாதார் இல்லை. தறியில் ஓடும் இழையின் தரம் நெசவாளரின் கைத்திறனால் மட்டும் அமைவதன்று. மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்க்கும் விவசாயியின் கொட்டகையிலேயே அது தொடங்கிவிடுகிறது. நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றிலிருந்து 800 முதல் 1,000 மீட்டர் வரை தொடர்ச்சியாக இழை எடுக்கலாம். அதே கூட்டில் ஓர் ஈயின் புழு துளையிட்டு வெளியேறினால் இழை பல இடங்களில் அறுந்துபோகும். அந்தக் கூடு நூற்புக்கு உதவாது.

இவ்வாறு நட்டம் விளைவிக்கும் பூச்சிகளில் பல, தோட்டத்திலேயே தோன்றியவை அல்ல. நாம் வாங்கி வரும் குச்சி, நாற்று, கூடை, சாக்கு ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. அவற்றை அடையாளம் காண்பது எப்படி, தடுப்பது எப்படி, அவற்றிடையே இருக்கும் நன்மை செய்யும் பூச்சிகளைக் காப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வந்த வழி

மேற்கு வங்காளத்தில் நெடுங்காலமாக இருந்துவரும் ஊசி ஈ, 1980-ஆம் ஆண்டில் அங்கிருந்து கொண்டுவரப்பட்ட பட்டுக்கூடுகளோடு கர்நாடகத்தில் நுழைந்தது. பின்னர் தமிழகத்துக்கும் பரவியது.

மெக்சிகோ நாட்டைத் தாயகமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி, நம் நாட்டில் முதன்முதலாக 2008-ஆம் ஆண்டில் கோவையில் கண்டறியப்பட்டது. பப்பாளியிலிருந்து மரவள்ளி, பருத்தி, மல்பெரி ஆகிய பயிர்களுக்கும் தாவியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் மேற்கு மாவட்டங்களில் பல மல்பெரித் தோட்டங்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. மருந்து மேல் மருந்து அடித்தும் பயனில்லை. பூச்சியின் மேலுள்ள மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடவில்லை. அடித்த மருந்து, பூச்சியைத் தின்னும் வண்டுகளைத்தான் கொன்றது.

கடல்நீர்த் தொட்டியில் பவளப்பாறை வளர்ப்போருக்கும் இதே தொல்லை உண்டு. தொட்டியில் இடும் பாறைக் கல்லின் பொந்துகளில் புழு, நண்டு, நத்தை முதலியன ஒளிந்து வரும். சில, தொட்டியின் அழுக்கைத் தின்று துப்புரவு செய்யும். சில, பவளத்தையே தின்றுவிடும். அனுபவமுள்ளவர்கள் புதிய கல்லை முதலில் தனித் தொட்டியில் வைத்து, வந்திருப்பது எது என்று பார்த்த பிறகே முடிவு செய்கிறார்கள். மல்பெரித் தோட்டத்துக்கும் இம்முறையே ஏற்றது.

மாவுப்பூச்சியை அறிதல்

மல்பெரியில் முக்கியமாக இருவகை மாவுப்பூச்சிகளைக் காணலாம்.

1. இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி: வெண்மாவைத் துடைத்தால் உடல் இளஞ்சிவப்பாக இருக்கும். இது தாக்கிய நுனிக்குருத்து சுருண்டு தடிக்கும். கணுக்களின் இடைவெளி குறைந்து, இலைகள் கரும்பச்சை நிறக் கொத்தாகிவிடும். இதனை 'டுக்ரா' என்பர்.

2. பப்பாளி மாவுப்பூச்சி: உடல் மஞ்சள் நிறம். முட்டை பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். ஐயம் இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டைச் சிறு குப்பியில் ஊற்றிச் சில பூச்சிகளை இட்டு வையுங்கள். ஓரிரு நாளில் அவை நீலம் கலந்த கறுப்பாக மாறினால் அது பப்பாளி மாவுப்பூச்சி.

இரண்டும் 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். சாற்றை உறிஞ்சித் தேன் போன்ற கழிவை வெளியேற்றும். அதன்மேல் கரும்பூசணம் படரும். அக்கழிவை நாடி எறும்புகள் வரும். செடியில் எறும்புச் சாரை ஏறுவதைக் கண்டால் இலையின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள்.

வெள்ளையெல்லாம் பகையல்ல

இங்கேதான் பல விவசாயிகள் தவறிவிடுகிறார்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே, அதைப் போலவே வெள்ளை பூசிய வேறு உயிர்களும் இருக்கும்.

பொறிவண்டின் புழு: கிரிப்டோலேமஸ் என்னும் இப்பொறிவண்டு 1898-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து நம் நாட்டுக்கு வரவழைக்கப்பட்டது. இதன் புழு மெழுகு இழைகள் மூடி, பெரிய மாவுப்பூச்சி போலவே தோன்றும். ஆனால் வளர்ந்த புழு ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீளமிருக்கும். ஈர்க்குச்சியால் தொட்டால் விரைந்து நகரும்.

ஸ்பால்ஜிஸ் புழு: இது ஒரு சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு. மாவைத் தன்மேல் அப்பிக்கொண்டு மாவுப்பூச்சியையே தின்னும். இதன் கூட்டுப்புழுவைப் பார்த்தால் குரங்கின் முகம் போலவே இருக்கும். ஒருமுறை கண்டால் மறக்காது.

பழுப்புக் கூடுகள்: மாவுப்பூச்சி உப்பிப் பழுப்பேறி, ஓரத்தில் சிறு துளையுடன் கிடந்தால், ஒட்டுண்ணிக் குளவி தன் வேலையை முடித்துவிட்டது என்று அறியலாம். அசிரோபேகஸ் என்னும் இக்குளவி 2010-ஆம் ஆண்டில் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பெங்களூரு வழியாகத் தருவிக்கப்பட்டது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதனைப் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கியது. மருந்தால் அடங்காத பப்பாளி மாவுப்பூச்சி, கண்ணுக்கு எளிதில் தெரியாத இக்குளவியால் சில மாதங்களில் அடங்கியது.

இம்மூன்றையும் கண்ட இடத்தில் மருந்து அடிக்கலாகாது.

தடுக்கும் முறைகள்

1. குச்சியோ நாற்றோ வாங்குமுன் கணுக்களையும் மொட்டு இடுக்குகளையும் உற்று நோக்குங்கள். ஒரு கைக்கண்ணாடி இருந்தால் போதும்.

2. புதிய நாற்றைத் தோட்டத்தினுள் உடனே நடாமல் ஒரு மாதம் தனியிடத்தில் வையுங்கள். முட்டை பொரிக்கப் பத்து நாள் வரை ஆகும். ஒரு மாதத்தில் ஒளிந்திருப்பது வெளிப்பட்டுவிடும்.

3. தாக்கப்பட்ட நுனிகளைக் கிள்ளிச் சாக்கில் இட்டு எரித்துவிடுங்கள். அல்லது லிட்டருக்கு 5 கிராம் சோப்பு கரைத்த நீரில் அமிழ்த்துங்கள். கிள்ளியதை வாய்க்காலில் எறிந்தால் பூச்சி அடுத்த வயலுக்குப் பயணம் போகும்.

4. விசைத்தெளிப்பானால் இலையடியில் வேகமாக நீர் பாய்ச்சினால் பெரும்பாலான பூச்சிகள் உதிர்ந்துவிடும்.

5. வரப்பிலுள்ள பார்த்தீனியம், துத்தி போன்ற களைகளை அகற்றுங்கள். மல்பெரியில் இடமில்லாதபோது பூச்சி அங்கே தங்கியிருக்கும்.

6. டுக்ரா தொடர்ந்து வந்தால் ஏக்கருக்கு 250 கிரிப்டோலேமஸ் வண்டுகளை, ஆறு மாத இடைவெளியில் இரு தவணையாக விடலாம்.

புழு வளர்க்கும் காலத்தில் பூச்சிக்கொல்லி அடித்த இலையைக் கொடுத்தால், மாவுப்பூச்சிக்கு முன்னால் பட்டுப்புழு மடியும். பக்கத்து நெல் வயலில் மருந்து அடிக்கும் நாளை முன்னரே கேட்டறிந்து, காற்றடிக்கும் பக்கத்து வரிசை இலையைத் தவிர்த்திடல் வேண்டும்.

கொட்டகையில் ஊசி ஈ

இது வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரியது. சாம்பல் கலந்த கறுப்பு நிறம். முதுகில் நான்கு கருங்கோடுகள் உண்டு. பட்டுப்புழுவின் உடல்மேல் ஊசிமுனை அளவில் வெண்ணிற முட்டை இடும். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரித்து, ஈயின் புழு பட்டுப்புழுவின் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். நுழைந்த இடம் கரும்புள்ளியாகத் தெரியும். இளம் பருவத்தில் தாக்கினால் புழு கூடு கட்டுமுன்பே இறந்துவிடும். ஐந்தாம் பருவத்தின் பிற்பகுதியில் தாக்கினால், கூடு கட்டிய பின் ஈயின் புழு கூட்டைத் துளைத்து வெளிவரும்.

முட்டையிலிருந்து ஈயாக மாற ஏறத்தாழ மூன்று வாரமே ஆகும். ஆகவே ஒரு தொகுதியில் விட்டுவைத்த ஈ, அடுத்த தொகுதிக்குக் காத்திருக்கும்.

சன்னல், கதவுகளுக்கு வலை அடித்து, வாயிலில் சிறு முன்னறை அமைத்திடல் வேண்டும். முட்டை ஒட்டிய புழுக்களையும் கரும்புள்ளிப் புழுக்களையும் பொறுக்கி அகற்றுங்கள். ஊசி ஈ பொறி மாத்திரை ஒன்றை ஒரு லிட்டர் நீரில் கரைத்து, வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சன்னலின் உள்ளும் புறமும் வையுங்கள். அறுவடைக்குப் பின் தரை வெடிப்பு, சுவர் இடுக்கு, நெட்ரிக்கா ஆகியவற்றில் கிடக்கும் செம்பழுப்புக் கூட்டுப்புழுக்களைத் திரட்டி எரியுங்கள். அவற்றில் முட்டையிட்டு அழிக்கும் நெசோலிங்க்ஸ் குளவியைப் பற்றிப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

சந்தைக்குக் கூடு கொண்டுபோன சாக்கை அப்படியே கொட்டகைக்குள் எடுத்து வருவது பலரிடம் உள்ள வழக்கம். 1980-இல் ஈ பயணம் செய்த வழியும் இதைப் போன்றதே. சாக்கை உதறி, வெந்நீரில் நனைத்து, வெயிலில் காயவைத்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்.

விவசாய அன்பர்களே! இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வாரம் ஒரு நாள் காலையில் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, இலையைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் போதும். வெள்ளையாக ஒன்றைக் கண்டவுடன் தெளிப்பானைத் தூக்காமல், முதலில் ஈர்க்குச்சியால் தொட்டுப் பாருங்கள். அது ஓடினால் விட்டுவிடுங்கள். உங்கள் பங்கு வேலையை அது செய்துகொண்டிருக்கிறது.