லடாக்குக்குப் புறப்படும் மருமகனுக்கு

கிண்ணியா

அன்பு மருமகன் அறிவது,

பரீட்சை முடிந்த கையோடு தோழர்களைக் கூட்டிக்கொண்டு லடாக்கிலுள்ள லே நகருக்குப் போக விரும்புவதாகவும், ஐந்தே நாட்களில் அங்குள்ள பௌத்த மடாலயங்கள் அனைத்தையும், கார்துங் கணவாயையும், பாங்கொங் ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடத் திட்டமிட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். உன் உம்மா அக்கடிதத்தைப் படித்துவிட்டு அங்குள்ள குளிரை நினைத்துக் கவலைப்படுகிறாள். எனக்கோ உன் அவசரத்தை நினைத்துத்தான் கவலை. நான் அந்த நகரத்தில் சில காலம் தங்கியிருந்தவன் என்ற உரிமையினாலும், உன்னிடத்தில் உள்ள அன்பினாலும் இக்கடிதத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையுடன் படி.

லே நகரம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் நாட்டின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர்தான். அந்தச் சிகரத்துக்கு மேல் இன்னும் ஏறத்தாழ 1,000 மீற்றர் உயரத்தில் ஒரு கடைவீதியும், பாடசாலைகளும், ஆஸ்பத்திரியும், பள்ளிவாசலும், அரண்மனையும் அமைந்திருப்பதாகக் கற்பனை செய்துபார்; அதுதான் லே. அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. காற்றில் பிராணவாயுவின் விகிதம் எங்கும் 21 வீதந்தான். ஆயினும் காற்றே ஐதாகிவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நெஞ்சுக்குள் புகும் பிராணவாயுவின் அளவு குறைந்துவிடுகிறது. தேகம் இக்குறையை உணர்ந்து முதலில் மூச்சை விரைவாக்குகிறது. அதனால் இரத்தத்தின் இரசாயனச் சமநிலை மாறுகிறது. அம்மாற்றத்தைச் சிறுநீரகங்கள் சீர்செய்வதற்குச் சில நாட்கள் வேண்டியிருக்கின்றன. இரத்தத்தில் செவ்வணுக்கள் பெருகுவதற்கோ வாரக்கணக்காகும். இவ்வளவு வேலையையும் ஓர் இரவில் செய்துமுடி என்று எந்தத் தேகத்துக்கும், அது எத்தனை இளமையானதாயினும், நாம் கட்டளையிட முடியாது. பந்தடிக்கும் மைதானத்தில் உனக்கு இருக்கும் பலம் இவ்விஷயத்தில் எவ்விதத்திலும் உதவாது.

நமது மாவட்டத்துக் கடலோரத்தில் சங்கும் கடலட்டையும் எடுப்பதற்காக ஆழத்தில் முழுகுகின்றவர்கள், ஏன் அவசரப்பட்டு மேலே வருவதில்லை என்பது உனக்குத் தெரியும். அழுத்தம் சட்டென்று குறைந்தால் தேகம் அதற்கு ஈடுகொடுக்காது என்பதை அவர்கள் தம் தோழர்களின் முடங்கிய கால்களைக் கண்டு கற்றார்கள். மலையேறும் போது நேரும் நோயின் தன்மை வேறு. ஆனால் மெல்ல மேலே வா என்ற விதி இரண்டுக்கும் ஒன்றே. தில்லியிலிருந்து விமானத்தில் புறப்படுகிறவன் ஒன்றேகால் மணி நேரத்தில் லேயில் இறங்கிவிடுகிறான். இறங்கும்போது சுகமாகவே இருப்பான், மாலையில் தலைவலி தொடங்கும், உணவு பிடிக்காது, இரவில் தூக்கம் வராது. ஆதலால் முதல் இரண்டு நாட்களும் எங்கும் போகாமல் தங்கியிரு. தண்ணீரைத் தாராளமாகக் குடி. மாடிப்படியைக்கூட நிதானமாக ஏறு. நடை தள்ளாடினாலும், பேச்சுக் குழறினாலும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலும் அது மூளையிலோ நுரையீரலிலோ நீர் கோத்ததன் அறிகுறி. அப்போது ஒரு கணமும் தாமதியாமல் அங்குள்ள சோனம் நோர்பு ஞாபகார்த்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். தோழர்களுக்கு முன் பலவீனமாகத் தோன்றக்கூடாது என்று நோயை மறைக்கிறவர்களே பெரும்பாலும் ஆபத்துக்கு உள்ளாகிறார்கள். முன்னெச்சரிக்கையாக உட்கொள்ளும் மருந்தைப் பற்றி உன் வைத்தியரிடம் இங்கேயே கேட்டுக்கொள்.

இனி, அந்த நிலத்தின் தோற்றத்தைச் சொல்லுகிறேன். இமயமலை என்றவுடன் தேவதாரு வனங்களையும் அருவிகளையும் பனி மூடிய பசுஞ்சரிவுகளையும் நீ எதிர்பார்ப்பாயாகில் ஏமாற்றமடைவாய். லடாக் ஒரு பாலைவனம். வருஷத்துக்கு ஏறத்தாழ 100 மில்லிமீற்றர் மழையே பெய்கிறது. நமக்கு மாரிகாலத்தில் இரண்டு நாட்களில் கொட்டிவிடும் மழை அது. அங்கே மழை குறைந்ததன் காரணத்தை நீ புத்தகத்தில் தேடவேண்டியதில்லை. ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று வறண்டு வீசி, வயலும் வாயும் ஒருங்கே காயும்படி நம்மை வாட்டுகிறதே, அக்காற்று மேற்குக் கரையில் இறங்கும்போது மழையைச் சுமந்துகொண்டுதான் வருகிறது; மத்திய மலைநாடு அம்மழையைத் தன் மேற்குச் சரிவிலேயே வாங்கிக்கொண்டு, வெறுங் காற்றை நம்மிடம் அனுப்பிவிடுகிறது. அதே தென்மேற்குப் பருவக்காற்றை இமயத்தின் பெருந்தொடர் தெற்குப் பக்கத்திலேயே தடுத்துவிடுவதால், அதற்கு வடக்கேயுள்ள லடாக் என்றென்றும் கச்சான் காலத்திலேயே இருக்கிறது. மரமில்லாத அம்மலைகள் மண்ணிறமும், துருவின் சிவப்பும், ஊதாவும், சாம்பலுமாக நாளின் ஒவ்வொரு யாமத்திலும் நிறம் மாறி நிற்பதையும், நகருக்கு எதிரே சிந்து நதிக்கு அப்பால் 6,153 மீற்றர் உயரமான ஸ்தோக் கங்ரிச் சிகரம் பனி முடியுடன் விளங்குவதையும் பார்க்கும்போது, பசுமையில்லாமலும் அழகு இருக்கக்கூடும் என்பதை உன் கண் ஒப்புக்கொள்ளும்.

பசுமை அடியோடு இல்லையென்றும் சொல்லிவிடுவதற்கில்லை. பனி உருகி ஓடிவரும் ஓடைகள் எங்கெங்கே உண்டோ அங்கங்கே வாற்கோதுமை வயல்களும், பொப்ளார் மரங்களும், சர்க்கரைப் பாதாமி தோப்புகளும் உண்டு. ஓடைக்கு ஓர் அடி மேலே வெறுங்கல். இந்நீரை யார் வயலுக்கு எந்த நாளில் எந்த நேரம் திருப்புவது என்பதை நிர்ணயிக்க ஊரார் ஒருவரைத் தெரிந்து நியமிக்கிறார்கள். சுர்பொன் என்பது அவருடைய பதவியின் பெயர். நம் வயல்வெளிகளில் வட்டவிதானை என்ன செய்கிறாரோ அதையே அவர் செய்கிறார். நான் இதைச் சொன்னபோது அங்குள்ள முதிய விவசாயி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்காலை அடைப்பவனுக்கு உங்கள் ஊரில் என்ன தண்டனை என்று ஆவலோடு கேட்டார். பனிப்பாறைகள் சுருங்கிவருவதால் வசந்தகால விதைப்புக்கு நீர் போதாமற் போகும் குறையைத் தீர்க்க, குளிர்காலத்தில் வீணாக ஓடும் ஓடை நீரைக் குழாய் வழியே உயரப் பீச்சி, அது உறைந்து கூம்பாகத் திரளும்படி செய்து, வெயில் காலத் தொடக்கத்தில் அது உருகி வயலுக்குப் பாயும் உபாயத்தைச் சோனம் வாங்சுக் என்னும் பொறியியலாளர் அங்கே கண்டார். அக்கூம்பு பௌத்த தூபியின் வடிவில் இருப்பதால் அதற்குப் பனித்தூபி என்றே பெயர்.

மழையை அரிதாகவே காணும் லே நகரில் 2010 ஆகஸ்ட் 5ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி வானம் பிளந்தாற்போல் மழை கொட்டியது. பச்சை மண் கற்களால் கட்டிய வீடுகள் கரைந்தன; மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் இருநூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று; ஆஸ்பத்திரிக்குள்ளும் சேறு புகுந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி நம் ஊரில் கடல் புகுந்து ஆஸ்பத்திரியையே அழித்துவிட்டுப் போனதை உன் உம்மா உனக்குச் சொல்லியிருப்பாள். ஆகவே லேயில் எவரேனும் அவ்விரவைப் பற்றிப் பேசினால், வேடிக்கை பார்க்க வந்தவனைப்போல் விவரம் கேட்காதே, பேசாமல் கேட்டுக்கொண்டிரு.

நகருக்கு மேலே குன்றின்மீது ஒன்பது மாடிகளுடன் நிற்கும் அரண்மனையைப் பதினேழாம் நூற்றாண்டில் செங்கே நம்கியால் என்ற அரசர் கட்டினார். பௌத்த மடாலயங்களுக்குப் பெருங்கொடை வழங்கிய இவ்வரசரின் அன்னை கியால் காத்தூன், பால்திஸ்தானத்து முஸ்லிம் மன்னனின் மகள். அந்த அரண்மனையின் அடிவாரத்தில், கடைவீதியின் தலைமாட்டில், அதே நூற்றாண்டில் எழுந்த ஜும்ஆப் பள்ளிவாசல் இருக்கிறது. யார்கந்திலிருந்தும் காஷ்மீரத்திலிருந்தும் குதிரைகளிலும் ஒட்டகங்களிலும் சரக்கேற்றி வந்த முஸ்லிம் வர்த்தகர்கள் லேயில் மணம்புரிந்து நிலைத்தார்கள். ஆர்கோன் என்று வழங்கும் அவர்களுடைய சந்ததியார் லடாக்கிய மொழியையே பேசுகிறார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு அங்கே போ. கடல் வாணிபத்தினால் வந்து வேரூன்றிய நம் முன்னோரின் சரித்திரத்தோடு அவர்களுடைய சரித்திரம் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை நீயே காண்பாய்.

மடாலயங்களைப் பற்றி உன் பட்டியலில் ஒன்பது பெயர்கள் உள்ளன. இரண்டை வைத்துக்கொண்டு மற்றவற்றை அடித்துவிடு என்பதே என் அபிப்பிராயம். ஒன்று, லேக்குக் கிழக்கே சிந்துவின் கரையில் குன்று முழுவதையும் படிப்படியாக மூடி நிற்கும் திக்சே. அங்கே வைகறையில் போ. நீண்ட ஊதுகொம்புகள் முழங்க, துறவிகள் வரிசையாக அமர்ந்து ஓத, சிறு பிக்குகள் ஓடியோடி உப்பும் வெண்ணெயும் கலந்த தேநீரை ஊற்றுவார்கள். உனக்கும் தருவார்கள், முகம் சுளிக்காமல் குடி. மற்றது, மேற்கே ஏறத்தாழ 65 கிலோமீற்றர் தூரத்திலுள்ள ஆல்ச்சி. இது லேயைவிடத் தாழ்ந்த இடம்; ஆதலால் தேகம் முற்றாகப் பழகாத நாட்களிலும் போகத் தகுந்தது. ஆல்ச்சியில் சும்த்செக் எனப்படும் மூன்றடுக்குக் கோயிலின் மூன்று மாடங்களில் அவலோகிதேஸ்வரர், மைத்ரேயர், மஞ்சுஸ்ரீ ஆகிய மூன்று போதிசத்துவர்களின் பேருருவங்கள், தலை மேல்தளத்தில் போய் மறையும்படி நிற்கின்றன. அவலோகிதேஸ்வரரின் இடை ஆடையில் மாளிகைகளும், ஆலயங்களும், குதிரை வீரரும். மைத்ரேயரின் ஆடையில் புத்தரின் வாழ்க்கைக் காட்சிகள். மஞ்சுஸ்ரீயின் ஆடையில் 84 சித்தர்கள். காஷ்மீரச் சித்திரக் கலையின் இத்தகைய நுட்பம் காஷ்மீரத்தில்கூட இன்று எஞ்சவில்லை. உள்ளே இருட்டாகவே இருக்கும். கண் பழகும்வரை காத்திரு. படம் பிடிக்க அனுமதியில்லை. அதனை நான் பெரிய உபகாரமென்றே கருதுகிறேன்.

நடத்தையைப் பற்றிச் சில வார்த்தைகள். தூபிகளையும், மந்திரம் பொறித்த கற்களை அடுக்கிய மணிச் சுவர்களையும் உன் வலப்பக்கத்தில் இருக்கும்படி விட்டு நட. சுழல் உருளைகளையும் வலஞ்சுழியாகவே சுற்றுவார்கள். மணிச் சுவரிலிருந்து ஒரு கல்லைத்தானும் நினைவுக்கென்று எடுத்து வராதே. ஓதிக்கொண்டிருப்பவருக்கு எதிரே குறுக்கே நடவாதே. வணங்கும்படி உன்னை எவரும் வற்புறுத்தமாட்டார்கள். நம் மார்க்கத்தில் உறுதியாக நின்றுகொண்டே மற்றவர் பக்தியின் முன் அடக்கமாக நிற்க முடியும் என்பதை நீ வீட்டிலேயே கற்றிருக்கிறாய்.

ஆல்ச்சியில் காணப்போகும் அந்த அவலோகிதேஸ்வரரை நீ அந்நியரென்று எண்ணிவிடாதே. நம் மாவட்டத்தில் குச்சவெளிக்கு வடக்கே திரியாய்க் குன்றின்மீது, தூபியைச் சுற்றிக் கற்றூண்கள் வட்டம் வட்டமாக நிற்கும் பழைய விகாரை ஒன்று உண்டு. அங்குள்ள பாறையில் ஏறத்தாழ ஏழாம் அல்லது எட்டாம் நூற்றாண்டில் பொறித்த சமஸ்கிருதச் சாசனம் அவலோகிதேஸ்வரரையும் மஞ்சுஸ்ரீயையும் துதிக்கிறது; கடல்வழி வந்த இரு வர்த்தகரை அவ்விகாரையுடன் சம்பந்தப்படுத்துகிறது. பெரியகுளத்தருகேயுள்ள வெல்கம் விகாரையிலோ சோழர் காலத்துத் தமிழ்ச் சாசனங்கள் அதனை இராஜராஜப் பெரும்பள்ளி என்று குறிக்கின்றன. பௌத்தராகிய புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்ததே அவலோகிதரிடத்தில் என்று சொல்கிறது. பழைய கற்கள் எந்த இனத்துக்கு உரியவை என்று வழக்காடி, ஒருவர் ஸ்தலத்தை மற்றவர் சந்தேகத்தோடு நோக்கப் பழகிவிட்ட இக்காலத்தில் இதை எழுதும்போது என் மனம் வருந்துகிறது. பாறையில் எழுதியவர்கள் அவ்வாறு பிரித்து எழுதவில்லை.

ஐந்து நாள் பயணத்தைப் பத்து நாளாக்கு. நாட்களைக் கூட்டப் பணமில்லையென்றால் இடங்களைக் குறை. 4,200 மீற்றருக்கு மேலேயுள்ள பாங்கொங் ஏரியை முதல் ஐந்து நாட்களுக்குள் நினைக்கவே வேண்டா. அப்பக்கத்துக்கு வெளிநாட்டவர் தனி அனுமதியும் பெறவேண்டும். கார்துங் கணவாயில் வெகுகாலம் நின்ற பலகை 5,602 மீற்றர் என்றது. சரியாக அளந்தால் 5,359தான் வருகிறது. பலகையருகே நின்று படம் எடுப்பதற்காக அவ்வுயரத்துக்கு ஓடிப்போய் வருவதில் நான் எந்தப் பயனையும் காணவில்லை.

விசாவுக்கு விண்ணப்பிக்குமுன் ஒரு காலைப்பொழுதில் நம் ஊர்ப் பாலத்தைக் கடந்து, நிலாவெளி, குச்சவெளி வழியாகத் திரியாய்க்குப் போய், குன்றில் ஏறி, அந்தச் சாசனப் பாறையைப் பார்த்துவிட்டு வா. போகும்போது உன் தோழர்களையும் கூட்டிக்கொண்டு போ. அவர்களில் ஒருவராவது அங்கே முன்பு போயிருந்தால் எனக்கு எழுது.

வஸ்ஸலாம்.

உன் அன்பு மாமா