மதுவும் நீரிழிவும் மூளையும்

சங்கக் கணக்கைப் பார்வையிட வரும் நாம் உடல்நலம் பற்றி எழுதுவானேன் என அங்கத்தினர்கள் கேட்கலாம். கடம்பத்தூர் வட்டாரத்தில் தவணை தவறிய வீடுகளுக்குச் செல்லுங்கால் குடி, சர்க்கரை வியாதி ஆகிய இரு காரணங்களையும் அடிக்கடி கேட்கிறோம். இவ்விரண்டும் ஓருடலில் கூடினால் மூளைக்கு நேரும் கேட்டை அறிந்தவர் சிலரே.

உடல் எடையில் மூளை நூற்றுக்கு 2 பங்குதான். ஆயினும் உடல் செலவிடும் சக்தியில் ஏறத்தாழ 20 பங்கை அதுவே பெறுகிறது. இரத்தச் சர்க்கரையே அதன் முக்கிய உணவு. அதனிடம் கையிருப்பு மிகக் குறைவு. நம் சங்கக் கிடங்கு போல் ஈரலே சர்க்கரையைச் சேமித்து வழங்குகிறது. சேமிப்புக் குறைந்தால் புதிதாக ஆக்கவும் செய்கிறது. மது உட்சென்றால் இவ்வாக்கும் வேலை தடைப்படும்.

இன்சுலினோ, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ கொள்ளும் ஒருவர் வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, உண்ணாமல் உறங்குவதாகக் கொள்வோம். மருந்து சர்க்கரையைக் குறைக்கும், ஈரலோ ஈடுசெய்யாது. இரவிலோ மறுநாட் காலையிலோ வியர்வை, நடுக்கம், குழறல், தள்ளாட்டம், மயக்கம் தோன்றும். வாயில் மது நாற்றமும் இருப்பதால், "போதை தெளிந்தால் எழுவார்" என வீட்டார் விட்டுவிடுவர். இதுவே பெரும் பிழை. கடுமையான சர்க்கரைக் குறைவு நீடித்தால் மூளை நிரந்தரமாகப் பழுதுபடலாம், உயிரும் போகலாம்.

நினைவிருந்து விழுங்க முடியுமாயின், நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, பின் உணவளித்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்க. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. ஒருக்களித்துக் கிடத்தி 108-ஐ அழைக்க வேண்டும். நீரிழிவையும் குடிப்பழக்கத்தையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். சர்க்கரையை மூளை பயன்படுத்தத் தேவையான தயமின் என்னும் பி1 வைட்டமின் நெடுநாட் குடிகாரரிடம் குறைந்திருக்கும். அதையும் செலுத்த வேண்டியிருக்கலாம்.

மெதுவாக விளையும் கேடும் உண்டு. நீரிழிவு மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும். மிகுகுடி மூளையைச் சுருங்கச் செய்யும். மறதி நோய்க்கான, தவிர்க்கக்கூடிய 14 காரணங்களை 2024ஆம் ஆண்டில் லான்செட் மருத்துவ இதழின் குழு தொகுத்தது. அவற்றுள் இவ்விரண்டும் அடங்கும். பாவின் இழைக்கணக்கையும் விதைப்புக் காலத்தையும் மனத்தில் வைத்துப் பிழைக்கும் நமக்கு நினைவாற்றலே முதல் அன்றோ?

1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971இல் நீக்கப்பட்டது. பின்னர் சிலகாலம் மீண்டும் வந்தும் நிலைக்கவில்லை. ஆகவே காவல் இன்று நம் கையில்தான் உள்ளது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர்கள் சர்க்கரையைச் சோதிக்க வீடு தேடி வரும்போது, குடிப்பழக்கத்தையும் கூசாமற் கூறுங்கள். நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவர் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பு. திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

இதனை அடுத்த பொதுக்கூட்டத்தில் படித்துக் காட்டுமாறு சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டுப் பெண்மணிகளும் கேட்கும்படி செய்தல் நலம். இரவில் அருகிலிருந்து காப்பவர்கள் அவர்களே.